நடு ஸ்பீக்கர் எங்கே போச்சு?

விலை குறைந்த ஹோம் தியேட்டர் செட் வைத்திருப்பவர்களிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் இரண்டு பாகமாக வரும். முதல் பாகம் உற்சாகமாக வரும்: "பேஸ் சும்மா அதிருதுங்க, ஜன்னல் கண்ணாடியே ஆடுது." இரண்டாம் பாகம் கொஞ்சம் தயங்கி வரும்: "ஆனா பேசுறதுதான் சரியா கேக்க மாட்டேங்குது. வசனம் வந்தா சவுண்டைக் கூட்டணும், சண்டை வந்தா குறைக்கணும். ரிமோட்டைக் கீழே வைக்க முடியலை."

சொந்தக்காரர்கள், ஆபீஸ் நண்பர்கள், பக்கத்து ஃபிளாட்காரர் என்று பல வருஷமாக இந்த இரண்டாம் பாகத்தைக் கேட்டு வருகிறேன். மூவாயிரம் ரூபாய் செட்டிலும் இதே குறை, பதினைந்தாயிரம் ரூபாய் செட்டிலும் இதே குறை. பிராண்ட் மாறினாலும் குறை மாறவில்லை. எல்லா கம்பெனியிலும் ஒரே குறை இருக்கிறதென்றால், அதன் காரணம் கம்பெனிகளைவிடப் பழையதாக இருக்க வேண்டும் அல்லவா? அந்தக் காரணத்தைத் தேடிப் போனதில் சேர்த்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சினிமாக்காரர்கள் கூட்டம் முழுவதற்கும் வசனம் கேட்கவேண்டும் என்று திரைக்கு நடுவில் ஒரு ஸ்பீக்கரை வைத்தார்கள். அந்தச் சத்தம் வீட்டுக்கு வந்தபோதெல்லாம், செலவு குறைக்க முதலில் கழற்றப்பட்டது அதே நடு ஸ்பீக்கர்தான்.

படம் பார்க்கப் போன எஞ்சினியர்

1931. பேசும் படம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. லண்டனில் ஆலன் ப்ளம்லைன் என்ற இளம் எஞ்சினியர் பின்னாளில் தன் மனைவியான பெண்ணோடு படம் பார்க்கப் போனார். திரையில் ஆள் ஒரு ஓரத்தில் நின்று பேசுகிறான், குரல் வேறு இடத்திலிருந்து வருகிறது. ஏனென்றால் அப்போது இருந்தது ஒரே ஒரு சேனல். ஆள் நகர்ந்தால் குரலும் கூடவே நகரும்படி செய்ய தன்னிடம் ஒரு வழி இருக்கிறது என்று அவர் அந்தப் பெண்ணிடம் சொன்னதாக ஒலித்துறையில் எல்லோரும் சொல்லும் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, அந்த வருஷம் டிசம்பர் 14 அன்று அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது பதிவில் இருக்கிறது. இன்று நாம் ஸ்டீரியோ என்று சொல்வதன் அடிப்படைகளில் பெரும்பகுதி அதில் உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது, 1942ல், ரேடார் சோதனைக்குப் போன விமானம் விழுந்து ப்ளம்லைன் இறந்துபோனார். வயது 38.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான். ஸ்டீரியோ என்றாலே நமக்குப் பாட்டுதான் ஞாபகம் வரும். ஆனால் அதன் தொடக்கக் கதையில் இருப்பது, ஒருவன் பேசும் குரல் சரியான இடத்திலிருந்து வரவில்லை என்ற ஒரு ரசிகனின் குறை.

மூன்று ஏன்?

இரண்டு வருஷம் கழித்து, அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இன்னொரு சோதனை நடந்தது. 1933 ஏப்ரல் 27. பிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ரா பிலடெல்ஃபியாவில் வாசிக்கிறது. வாஷிங்டனில் கான்ஸ்டிட்யூஷன் ஹாலில் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. மேடையில் வாசிப்பவர்கள் யாரும் இல்லை, ஸ்பீக்கர்கள்தான். பெல் ஆய்வுக்கூடத்தின் ஹார்வி ஃப்ளெட்சர் குழு, டெலிபோன் லைன் வழியாக இசையை அனுப்பியது. புகழ்பெற்ற கண்டக்டர் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி அன்றைக்கு வாசிப்பவர்களுக்கு முன்னால் நிற்கவில்லை. வாஷிங்டனில் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தார்.

அனுப்பியது எத்தனை சேனல்? மூன்று. இடது, நடு, வலது.

காது இரண்டுதானே, பிறகு மூன்று எதற்கு? இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே குரலைப் போடுங்கள். இரண்டுக்கும் சரிநடுவில் உட்கார்ந்தால் குரல் நடுவிலிருந்து வருவதுபோலத் தெரியும். அங்கே ஸ்பீக்கர் கிடையாது, மூளை உண்டாக்கும் பிரமை அது. இப்போது ஒரு அடி இடது பக்கம் நகருங்கள். குரல் இடது ஸ்பீக்கருக்கு ஓடிவிடும். சத்தம் ஒரு அடி போக சுமார் ஒரு மில்லி செகண்ட் ஆகிறது. ஒரே சத்தம் இரண்டு பக்கமிருந்து வந்தால், எது முந்தி வருகிறதோ அந்தப் பக்கத்தைத்தான் மூளை நம்பும்.

ஆக, இரண்டு ஸ்பீக்கர் என்பது ஒரே ஒரு நல்ல நாற்காலிக்கான ஏற்பாடு. ஆயிரம் பேர் உட்காரும் ஹாலில் அது உதவாது. நடுவில் நிஜமாகவே ஒரு ஸ்பீக்கர் வேண்டும்.

ஸ்டோகோவ்ஸ்கி பிறகு வால்ட் டிஸ்னியோடு சேர்ந்தார். 1940ல் வந்த 'ஃபேன்டேசியா' படத்துக்கு ஃபேன்டசவுண்ட் என்ற பல சேனல் ஏற்பாடு. திரைக்குப் பின்னால் மூன்று, ஹாலில் கூடுதலாக ஸ்பீக்கர்கள். ஒரு தியேட்டருக்கான கருவிகளின் செலவு சுமார் 85,000 டாலர். அந்தக் காலத்து 85,000! விரல் விட்டு எண்ணக்கூடிய ஊர்களோடு அது நின்றுபோனது. உலகின் முதல் சரவுண்ட் படமே பட்ஜெட்டில்தான் தோற்றது.

1953ல் 'தி ரோப்' படத்தோடு சினிமாஸ்கோப் வந்தது. திரைக்குப் பின்னால் மூன்று, ஹாலில் ஒன்று என நான்கு காந்தத் தடங்கள். ஆரம்பத்தில் ப்ளம்லைன் ஆசைப்பட்டதுபோலவே நடிகரோடு குரலையும் நகர்த்தினார்கள். ஆனால் சினிமாவில் ஷாட் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கட்டுக்கும் குரல் இங்கும் அங்கும் தாவினால் பார்ப்பவனுக்குத் தலைவலி. கடைசியில் வழக்கம் ஒன்று உறுதியானது: வசனம் நடுவில். இசையும் மற்ற சத்தங்களும் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பேச்சு மட்டும் நடு ஸ்பீக்கரை விட்டு அநேகமாக நகராது. இன்றைக்கு வரும் படம் வரை பெரும்பாலும் இதுதான் முறை.

வீட்டுக்கு இரண்டு போதும்

அப்படியென்றால் வீட்டு ஸ்டீரியோவில் ஏன் இரண்டு?

இசைத்தட்டின் பள்ளத்தைப் பாருங்கள். 'V' வடிவத்தில் இரண்டு சுவர்கள். 1957ல் வெஸ்ட்ரெக்ஸ் கம்பெனி ஒரு சுவரில் இடது, மறு சுவரில் வலது என்று பதியும் முறையைக் காட்டியது. 1958ல் ஸ்டீரியோ எல்பி தட்டுகள் கடைக்கு வந்தன. மூன்றாவது சேனலுக்குப் பள்ளத்தில் மூன்றாவது சுவர் இல்லை. காதுக்கு இரண்டு போதும் என்று யாரும் முடிவு கட்டியதால் அல்ல, ஊசி ஓடும் வழியில் இரண்டுதான் பதிய முடிந்தது என்பதால் வீட்டுக்கு இரண்டு வந்தது. அதன் பின்னால் வந்த கேசட், எஃப்எம், டிவி எல்லாம் அந்த இரண்டையே பிடித்துக்கொண்டன.

பட்ஜெட் சரவுண்டின் கதையும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. 1970 வாக்கில் டைனக்கோ கம்பெனியின் டேவிட் ஹாஃப்ளர் ஒரு எளிய வழியைப் பரப்பினார். ஆம்ப்ளிஃபயரின் இடது பிளஸ்ஸுக்கும் வலது பிளஸ்ஸுக்கும் நடுவே ஒரு ஸ்பீக்கரைக் கட்டி அறைக்குப் பின்னால் வையுங்கள். அதில் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் கேட்கும்: கைதட்டல், எதிரொலி, ஹாலின் விரிவு. கூடுதல் ஆம்ப் வேண்டாம். செலவு ஒரு ஸ்பீக்கரும் கொஞ்சம் ஒயரும்தான். எங்கள் காலேஜ் ஹாஸ்டலில்கூட இதைச் செய்து பார்த்த ஆட்கள் உண்டு. (இன்றைய செட்டுகளில் செய்துவிடாதீர்கள். பல ஆம்ப்களில் மைனஸ் முனையும் உயிரோடு இருக்கும், ஐசி போய்விடும்.)

இதில் ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? குரல் இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் குரல் காணாமல் போகும். கரோக்கிக்குக் குரலை நீக்குவதும் இதே கணக்குதான். உலகின் மலிவான சரவுண்ட், குரலைக் கழித்துக் கிடைத்த மிச்சம்!

டால்பியும் 1987ம்

ரே டால்பியின் பெயர் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அவர் 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராக இந்தியாவில் இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. டேப்பில் வரும் "உஸ்ஸ்" இரைச்சலைக் குறைக்கும் யோசனை அவருக்கு வந்தது அந்த நாட்களில்தான். 1965ல் லண்டனில் கம்பெனி ஆரம்பித்தார்.

எழுபதுகளின் நடுவில் வந்த டால்பி ஸ்டீரியோ ஒரு இடப் பிரச்சினையைத் தீர்த்தது. சாதாரண 35 எம்எம் பிலிமின் ஓரத்தில் இரண்டு ஒலித்தடத்துக்குத்தான் இடம். சினிமாவுக்கோ இடது, நடு, வலது, பின்பக்கம் என நான்கு வேண்டும். செய்தது கூட்டல் கழித்தல்தான். நடு சேனலை இரண்டு தடத்திலும் ஒரே மாதிரி கலந்தார்கள். பின்பக்கச் சேனலை இரண்டிலும் நேர் எதிர்மாறாகக் கலந்தார்கள். தியேட்டரில் இரண்டையும் கூட்டினால் நடு கிடைக்கும், கழித்தால் பின்பக்கம் கிடைக்கும். 1977ல் 'ஸ்டார் வார்ஸ்' வந்தபிறகு தியேட்டர்காரர்கள் இதை வாங்க வரிசையில் நின்றார்கள்.

அந்த இரண்டு தடத்தை அப்படியே வீடியோ கேசட்டிலும் லேசர் டிஸ்க்கிலும் போட்டபோது, பின்பக்கச் சத்தமும் அதற்குள் ஒளிந்து வீட்டுக்கு வந்துவிட்டது. 1982ல் அதைப் பிரித்தெடுக்கும் டால்பி சரவுண்ட் டிகோடர்கள் வீட்டுக்கு வந்தன. அவை எதைப் பிரித்தன? பின்பக்கத்தை மட்டும். நடு சேனலுக்கு? அதே பழைய பிரமைதான். நடுவை நிஜமாகப் பிரித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் ப்ரோ லாஜிக் 1987ல்தான் வந்தது.

அதே 1987ல் இன்னும் இரண்டு விஷயங்கள் நடந்தன. போஸ் கம்பெனி கையளவு சின்னக் கனசதுர ஸ்பீக்கர்களையும், எங்காவது ஒளித்து வைக்கக்கூடிய ஒரு பேஸ் பெட்டியையும் சேர்த்து விற்க ஆரம்பித்தது. பெரிய அலமாரி ஸ்பீக்கர் இல்லாமலே சத்தம் கிடைக்கும் என்பது கடைக்காரர்களுக்குப் புரிந்தது. மற்றொன்று, டிஜிட்டல் சினிமாவுக்கு எத்தனை சேனல் வேண்டும் என்று எஞ்சினியர்கள் விவாதித்த கூட்டத்தில் டாம்லின்சன் ஹோல்மன் 5.1 என்றார். ஐந்து முழுச் சேனல். பிறகு 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அதிர்வுகளுக்கு மட்டும் ஒரு குட்டிச் சேனல். முழுசாக ஒன்று என்று எண்ணத் தகுதியில்லாததால் அது புள்ளி ஒன்று. 1992ல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' டால்பி டிஜிட்டலில் வந்தது. 1993ல் 'ஜுராசிக் பார்க்' டிடிஎஸ்ஸில் வந்தது.

நம்ம ஊர்ப் பக்கம்

தமிழ் சினிமா வசனத்தில் வளர்ந்தது என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். வானொலியில் ஒலிச்சித்திரம் என்று முழுப்படத்தையும் காதால் மட்டுமே கேட்ட ஊர் இது. கட்டபொம்மன், திருவிளையாடல் வசனங்கள் தட்டாகவும் கேசட்டாகவும் கல்யாண வீட்டு மைக் செட்டில் ஓடும். தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் பேஸ் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஆனால் மூன்று தெரு தள்ளி மாவாட்டிக்கொண்டிருப்பவருக்கும் ஒவ்வொரு எழுத்தும் கேட்கும். அதற்குக் காரணம் உண்டு. பேச்சு புரியத் தேவையானது முக்கியமாக நடுத்தர அதிர்வெண்கள். டெலிபோன்கூட 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் அனுப்பியது, அதிலேயே நாம் குடும்பச் சண்டை வரை எல்லாம் போட்டோம். குழாய் ஸ்பீக்கர் அந்த நடுப்பகுதியைத்தான் பிய்த்துக்கொண்டு கொடுத்தது.

அதற்கு எதிர்ப்பக்கம் இன்னொரு ஆசையும் வளர்ந்தது. டேப் ரெக்கார்டரின் ஸ்பீக்கரைக் கழற்றி மண் பானையின் வாயில் வைத்துப் பாட்டுக் கேட்ட டீக்கடைகள் எத்தனை! பானைக்குள் இருக்கும் காற்று சேர்ந்து அதிர, "தும் தும்" என்று வரும். சென்னை ரிச்சி தெருவில் எல்ஏ 4440, டிடிஏ 2030 ஐசி போர்டுகளை வாங்கி, டிரான்ஸ்ஃபார்மரும் மரப்பெட்டியும் சேர்த்து மெக்கானிக்குகள் ஊருக்கு ஊர் ஆம்ப் கட்டிக் கொடுத்தார்கள். டிடிஏ 2030 ஒன்று உண்மையில் தருவது 14 வாட் அளவுதான். அதுவே ஒரு வீட்டுக்கு ஏகம்.

தியேட்டரிலும் மாற்றம் வந்தது. 1986ல் 'மாவீரன்' 70 எம்எம்மில் வந்தது. 1995ல் வந்த 'குருதிப்புனல்' இந்தியாவில் டால்பி ஒலியோடு வந்த ஆரம்பகாலப் படங்களில் ஒன்று. அடுத்த சில வருஷங்களில் போஸ்டரிலும் தியேட்டர் வாசலிலும் 'டிடிஎஸ்' என்ற எழுத்து, நடிகர் பெயர் அளவுக்குப் பெரிதானது. படம் பார்த்து வந்தவன் சொன்னது "சவுண்டு செமயா இருந்துச்சு" என்றுதான். அவன் சொன்ன சவுண்டு வசனம் இல்லை, நெஞ்சில் அடித்த அதிர்வு.

அந்த அதிர்வுதான் வீட்டுக்கும் வேண்டும் என்று ஆனது. 2007ல் மோசர் பேர் கம்பெனி விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்க ஆரம்பித்தபோது, படம் மலிவானது. கூடவே 5.1 செட்டும் கை எட்டும் விலைக்கு வந்தது. கடையில் டெமோ போடும்போது ஹெலிகாப்டர் வரும், குத்துப்பாட்டு வரும். இரண்டு பேர் மெதுவாகப் பேசும் காட்சியைப் போட்டு செட் விற்ற கடையை நான் பார்த்ததில்லை. 5.1 என்ற பெயரில் புள்ளி ஒன்று கடைசியில் இருக்கிறது. நம்ம கடைகளில் அதுதான் முதலில் நின்றது.

பெட்டிக்குள்ளே

சரி, மலிவு செட்டுக்குள் வசனத்துக்கு என்ன நடக்கிறது?

முதல் விஷயம், வேலைப் பங்கீடு. சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்கு அநேகமாகத் தெரியாது. அதனால் பேஸ் பெட்டியை எங்கே வைத்தாலும் சரி என்பது கொள்கை. ஆனால் மூன்று அங்குல ஸ்பீக்கர் போட்ட குட்டிப் பெட்டியால் 80 வரை இறங்க முடியாது. 150, 200 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். மிச்சத்தை சப்வூஃபர் ஏற்க வேண்டும். ஆண் குரலின் அடிச்சுருதி ஏறக்குறைய 85 முதல் 180 ஹெர்ட்ஸ். அதாவது கதாநாயகனின் குரல் இரண்டாக வெட்டப்பட்டு, அடிக்குரல் சோபா மூலையில் இருக்கும் பெட்டியிலிருந்தும் மேல்குரல் டிவி பக்கமிருந்தும் வருகிறது. பானைக்குள் பேசுவதுபோல இருக்கிறது என்று சொல்பவர்கள் கற்பனை செய்யவில்லை.

இரண்டாவது, பேருக்கு 5.1. பல மலிவு செட்டுகளில் பின்னால் ஆறு ஆர்சிஏ துளைகள் இருக்கும், டால்பி டிகோடர் இருக்காது. பென் டிரைவிலோ ப்ளூடூத்திலோ போட்டால் உள்ளே போவது இரண்டு சேனல்தான். அதையே பின் ஸ்பீக்கருக்கும் பிரதி எடுத்து, இரண்டையும் கூட்டி நடுவுக்கும் அனுப்பிவிடும். எல்லா ஸ்பீக்கரிலும் எல்லாமும் வரும்போது, வசனம் எந்த ஸ்பீக்கருக்கும் சொந்தமில்லை.

மூன்றாவது, இன்னும் கொடுமை. டிவிடி பிளேயரின் செட்டப்பில் 5.1 என்று வைத்துவிட்டு, இடது வலது ஒயர் இரண்டை மட்டும் சொருகியிருப்பார்கள். அப்போது பாட்டும் மழையும் அட்டகாசமாகக் கேட்கும், வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வரும். டிஸ்க்கில் கோளாறு என்று மாற்றி வாங்கியவர்களைத் தெரியும். கோளாறு ஒன்றுமில்லை. வசனம் போய்ச் சேரும் நடுத் துளையில் ஒயரே இல்லை, அவ்வளவுதான்.

நான்காவது, சவுண்ட் பார். 2.1 என்று எழுதியிருந்தால் நடு ஸ்பீக்கர் இல்லை என்று பொருள். 1958ன் அதே பிரமை நடுதான். அந்தப் பிரமையில் இன்னொரு ஓட்டையும் உண்டு. இடது ஸ்பீக்கரின் சத்தம் வலது காதுக்குக் கொஞ்சம் தாமதமாகப் போய், அங்கே நேராக வந்த சத்தத்தோடு மோதி, 2000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழும். மெய்யெழுத்துகளைத் தெளிவாகக் கேட்க வேண்டிய பகுதி அது.

வாட் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அட்டைப்பெட்டியில் பிஎம்பிஓ 5000 வாட் என்று போட்டிருக்கும். பிஎம்பிஓவுக்கு ஒரு பொது அளவுமுறையே கிடையாது. செட்டின் பின்னால் ஒட்டிய லேபிளைப் பாருங்கள், 230 வோல்ட் 60 வாட் என்று இருக்கும். பிளக்கில் 60 வாங்கிவிட்டு ஸ்பீக்கரில் 5000ஐத் தொடர்ந்து கொடுக்க முடியாது. 5000 வாட் என்பது மூன்று ஒன்றரை டன் ஏசி இழுக்கும் கரண்ட்!

"என்னடா சொன்னான்?"

இதெல்லாம் வெறும் தொழில்நுட்பக் குறை என்றால் நான் இவ்வளவு தோண்டியிருக்க மாட்டேன்.

எங்கள் வீட்டில் 2008 வாக்கில் ஒரு 5.1 செட் வந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். பின் ஸ்பீக்கருக்கு ஒயர் பத்தாமல் ஐந்தும் ஷோகேஸ் மேலே வரிசையாக உட்கார்ந்தன. சோபாவின் நடுவில் அப்பா. ஓரத்தில் நாங்கள். அம்மா எப்போதும்போல சமையலறை வாசற்படி ஓரத்தில், அடுப்பு தெரியும்படி நாற்காலி போட்டுக்கொள்வார். புது செட்டில் படம் பார்க்கும்போது "இப்ப என்னடா சொன்னான்?" என்று கேட்பார். ஒரு தடவை சொல்வோம், இரண்டாவது தடவை சொல்வோம், மூன்றாவது தடவை "சும்மா பாரும்மா" என்போம். சில மாதம் போனதும் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். பாதிப் படத்தில் எழுந்து போய்விடுவார். "எனக்குக் காது போச்சுப்பா" என்று ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னார்.

காது டாக்டர் சோதித்துப் பார்த்து வயசுக்கு உண்டான அளவுதான், எதிரே உட்கார்ந்து பேசினால் எல்லாம் கேட்கும் என்றார். அது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறுப்பு வெள்ளைப் படம் டிவியின் சொந்த ஸ்பீக்கரில் ஓடும்போது, அம்மா அடுத்த வசனத்தை நடிகருக்கு முன்னால் சொல்வார்.

வயதானால் முதலில் மங்குவது உயர்ந்த அதிர்வெண்கள். க, ச, த, ப என்ற மெய்களைப் பிரித்துக் காட்டுவது அந்தப் பகுதி. இளம் காது இல்லாததை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். மூத்த காதுக்கு அந்த உதவி செட்டிலிருந்து வர வேண்டும். தியேட்டருக்காகக் கலந்த ஒலியில் கிசுகிசுப்புக்கும் குண்டுவெடிப்புக்கும் இடைவெளி மிகப் பெரியது, வீட்டிலோ மேலே ஃபேன் ஓடுகிறது, குக்கர் விசிலடிக்கிறது. இதற்கு நடுவில், நல்ல நாற்காலியிலிருந்து மிகத் தள்ளி உட்கார்ந்திருப்பது யார்? அநேக வீடுகளில் அம்மாவோ பாட்டியோதான். 1933ல் பெல் ஆய்வுக்கூடம் யாருக்காக மூன்றாவது ஸ்பீக்கரை வைத்ததோ, அந்த ஓரத்து நாற்காலிக்காரர் அவர். அந்த ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, அவர் காதில் கோளாறு என்று வீடே தீர்ப்பு எழுதுகிறது. அவரும் அதை நம்பிவிடுகிறார்.

செய்யக்கூடியவை

பெரிய செலவு எதுவும் தேவையில்லை.

நடு ஸ்பீக்கர் இருந்தால் அதை ஷோகேஸ் உச்சியிலிருந்து இறக்குங்கள். டிவிக்கு நேர் கீழே, உட்கார்ந்திருப்பவர் காதைப் பார்த்து லேசாக நிமிர்த்தி வையுங்கள். ரிமோட்டில் சென்டர் அளவைத் தனியாகக் கூட்டும் வசதி இருந்தால் மூன்று நான்கு படி ஏற்றுங்கள். சப்வூஃபரைக் குறைத்து, டிவிக்குப் பக்கத்திலேயே வையுங்கள், வெட்டுப்பட்ட குரல் ஓரளவு ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு ஒயர்தான் என்றால் பிளேயரிலும் செட்டாப் பாக்ஸிலும் ஸ்டீரியோ அல்லது பிசிஎம் என்று மாற்றுங்கள். நடு சேனல் இரண்டிலும் கலந்து வந்துவிடும். டிவியில் நைட் மோடு, டயலாக் என்று ஏதாவது இருந்தால் போடுங்கள். பெரிய சத்தத்தைக் குறைத்துச் சின்னதை ஏற்றும் இந்த ஏற்பாடு டால்பி டிஜிட்டல் வடிவத்திலேயே ஆரம்பம் முதல் உண்டு. வீட்டில் வசனம் அமுங்கும் என்பது அதை வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இவை எதுவும் சரிப்படாவிட்டால், கடைசி வழி தூரத்தைக் குறைப்பது. திறந்த வெளியில் ஸ்பீக்கருக்கான தூரம் பாதியானால் சத்தம் 6 டெசிபல் கூடும். அறைக்குள் அவ்வளவு கிடைக்காது, ஆனாலும் தெளிவு நன்றாகவே கூடும். எங்கள் வீட்டில் கடைசியில் அதைத்தான் செய்தோம். நடு ஸ்பீக்கரின் ஒயரை நீட்டி, சமையலறை வாசலுக்குப் பக்கத்து ஸ்டூலில் அம்மா பக்கம் திருப்பி வைத்தோம். குரல் திரையிலிருந்து வராமல் பக்கவாட்டிலிருந்து வருகிறது, ப்ளம்லைன் பார்த்தால் வருத்தப்படுவார். ஆனால் அம்மா இப்போது படம் முடியும்வரை உட்காருகிறார். வில்லன் யார் என்று எங்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறார்.

புதிதாக வாங்குபவர்களுக்கு ஒன்று. பின் ஸ்பீக்கர் இரண்டா, நடு ஸ்பீக்கர் ஒன்றா என்று யோசிக்கும் நிலை வந்தால் நடுவை எடுங்கள். 3.1 செட் ஒன்று, பேருக்கு இருக்கும் 5.1ஐவிட அதிக நாள் சந்தோஷமாக வைத்திருக்கும். கடைக்குப் போகும்போது இரண்டு பேர் மெதுவாகப் பேசும் காட்சி ஒன்றை பென் டிரைவில் எடுத்துப் போங்கள். முடிந்தால் அம்மாவையும் கூட்டிப்போய், கடையின் ஓர நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.